ஓடும் வண்டிகளுக்கு மென்பொருள் எழுதப் போகிறவருக்கு

வாசகரின் கேள்வி: பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். பெரும்பாலும் இணைய வணிகத் தளங்களின் பின்புலச் சேவைகளை எழுதியிருக்கிறேன். இப்போது பேருந்துகளையும் சரக்கு லாரிகளையும் இயக்கும் ஒரு போக்குவரத்து நிறுவனத்தில் முதுநிலை மென்பொருள் பொறியாளர் பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. பல காலமாக ஓடிக்கொண்டிருக்கும் அவர்களுடைய பணி ஒதுக்கீட்டு மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதித் தருவதே என் முதல் பொறுப்பு என்கிறார்கள். மென்பொருளைத் தொழிலாகக் கொள்ளாத இடத்தில் சேர்ந்தால் கற்றதெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். அங்கே முதுநிலைப் பொறியாளர் என்றால் உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும்? சேரலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

சேரலாம் என்பதே என் கருத்து. ஆனால் அவர்கள் சொல்லியிருக்கும் முதல் பொறுப்பை, அவர்கள் சொன்ன வடிவிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டாம். பல ஆண்டுகள் போக்குவரத்து மென்பொருளோடு வாழ்ந்தவன் என்ற முறையில், உங்கள் நண்பர்கள் அஞ்சும் ஆபத்தைவிட, நிறுவனம் உங்கள் கையில் மகிழ்ச்சியோடு கொடுக்கும் அந்த வேலையில் இருக்கும் ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திறமை துருப்பிடிக்குமா என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதுவரை நீங்கள் எழுதிய இணைய வணிக மென்பொருளில், ஓர் ஆர்டர் தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தால் அந்த ஆர்டர் இருக்கிறது என்று பொருள். பதிவே உண்மை. போக்குவரத்தில் அப்படியில்லை. 'வண்டி 9.10 மணிக்குப் புறப்பட்டது' என்ற பதிவு, எங்கோ ஒரு சாலையில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றைப் பற்றிய செய்தி மட்டுமே. ஓட்டுநர் பொத்தானை அழுத்திவிட்டு, கடைசி நேரத்தில் வந்த பயணிக்காக ஐந்து நிமிடம் நின்றிருக்கலாம். புறப்பட்ட பிறகு நினைவு வந்து அழுத்தியிருக்கலாம். அந்த வண்டி பழுதாகி அதன் நடையை, அதாவது அது ஓட வேண்டிய பயணத்தை, வேறொரு வண்டி எடுத்துக்கொண்டிருக்கலாம், மாற்றத்தைப் பதிவு செய்ய யாருக்கும் நேரம் இல்லாமல் போயிருக்கலாம். இந்த இடைவெளி என்றைக்கும் முழுமையாக மூடாது. அதை எந்த அளவுக்கு மதித்து மென்பொருளை வடிவமைக்கிறீர்கள் என்பதில்தான் இந்தத் துறையில் ஒருவருடைய முதுநிலை இருக்கிறது.

நேரம் என்ற எளிய விஷயத்தையே பாருங்கள். பேருந்து அட்டவணைகளைப் பகிர்ந்துகொள்ள இன்று உலகெங்கும் பயன்படும் ஜி.டி.எஃப்.எஸ். என்ற தரவு வடிவம், 2005-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து செய்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. அதில் நள்ளிரவைத் தாண்டி ஓடும் ஒரு நடையின் நேரத்தை 25:35:00 என்று எழுதுவார்கள். முதல் முறை பார்க்கும் பொறியாளர் இதைப் பிழை என்று நினைத்து 01:35:00 என்று திருத்த முனைவார். திருத்திய மறுகணமே அந்த நடை தன் நாளை இழந்துவிடும். ஏனெனில் இரவு ஒன்றரை மணிக்கு ஓடும் அந்தப் பேருந்து, ஓட்டுநரின் பணிக்கணக்கிலும், வண்டியின் ஓட்டக்கணக்கிலும், அன்றைய வசூலிலும் முந்தைய நாளைச் சேர்ந்தது. காலண்டர் நாள் வேறு, இயக்க நாள் வேறு. அதே வடிவத்தில் நேரத்தை நள்ளிரவிலிருந்து எண்ணாமல், நண்பகலுக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கோடையில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில், அந்த மாற்றம் நடக்கும் நாளில் நள்ளிரவிலிருந்து நண்பகல் வரை பன்னிரண்டு மணி நேரம் இருப்பதில்லை என்பதே காரணம். ஜி.பி.எஸ். செய்தியில் தேதியைக் கணிக்க உதவும் வார எண்ணுக்குப் பத்து பிட்டுகளே (இரும இலக்கங்களே) ஒதுக்கப்பட்டிருந்ததால், 1024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியபோது, அதற்குத் தயாராக இல்லாத பழைய கருவிகள் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டும் நிலை ஏற்பட்டது. வண்டியிலிருந்து வரும் தேதியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் மென்பொருள் அன்று என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இடம் என்பதும் இதே போன்றதுதான். வானம் திறந்திருக்கும் இடத்தில் கைபேசியின் ஜி.பி.எஸ். சுமார் ஐந்து மீட்டர் துல்லியத்தைத் தரும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும்போது அந்தத் துல்லியம் குலைந்துவிடும். நெடுஞ்சாலையும் அதையொட்டி ஓடும் பக்கச் சாலையும் அருகருகே இருந்தால், வண்டி எதில் போகிறது என்பதை ஒரு புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பத்து நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை அனுப்பினால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஏறத்தாழ 167 மீட்டர் ஓடியிருக்கும். அதற்குள் ஒரு சந்திப்பையே கடந்திருக்கலாம். ஆகவே புள்ளிகளைத் தனித்தனியாகப் பார்க்காமல், சாலை வலைப்பின்னலில் எந்தத் தொடர்ச்சி மிகச் சாத்தியமானது என்று கணிக்க வேண்டியிருக்கிறது. 2009-ல் ஆய்வாளர்களான நியூசனும் க்ரம்மும் மறை மார்க்கோவ் மாதிரி என்ற நிகழ்தகவுக் கணித முறையைக் கொண்டு இதற்குக் கொடுத்த தீர்வு இன்றும் பல வழித்தட மென்பொருள்களின் அடித்தளமாக இருக்கிறது. ஆயிரம் வண்டிகள், நாளுக்குப் பதினாறு மணி நேரம், பத்து நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பினால், ஒரே நாளில் 57 லட்சத்து 60 ஆயிரம் பதிவுகள் வரும். இதையெல்லாம் தாங்கும் அமைப்பை எழுதிப் பராமரிக்கும் ஒருவருடைய திறமை துருப்பிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

இணைப்பு அறுந்து போவதை இங்கே விதிவிலக்காகக் கருதக் கூடாது; அதுதான் வழக்கமான நிலை. மலைப்பாதையிலோ சுரங்கப்பாதையிலோ நாற்பது நிமிடம் சிக்னல் இல்லாமல் சென்ற வண்டி, வெளியே வந்ததும் அந்த நாற்பது நிமிடச் செய்திகளையும் ஒரே மூச்சில் அனுப்பும். செய்தி வந்து சேர்ந்த நேரத்தையே நிகழ்ந்த நேரமாகக் கொள்ளும் மென்பொருளுக்கு, வண்டி ஓரிடத்தில் நின்றுவிட்டுப் பிறகு பறந்தது போலத் தோன்றும். உடனே ஓட்டுநர் மீது வேகமீறல் எச்சரிக்கை பதிவாகும். நிகழ்ந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் தனித்தனியாகச் சேமித்து, ஒவ்வொரு செய்திக்கும் வண்டியிலேயே ஓர் அடையாள எண் கொடுத்து, அதே செய்தி மூன்று முறை வந்தாலும் ஒருமுறை வந்தது போலவே கையாண்டால் இந்த அநியாயம் நடக்காது. இந்த நுட்பங்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. பணப்பரிமாற்றத்தில் ஒரே தொகை இருமுறை பிடிக்கப்படாமல் காத்தது இதே ஒழுங்குதான். இங்கே அதன் விளைவு ஒரு மனிதரின் பணிப்பதிவில் விழுகிறது என்பது மட்டுமே வேறுபாடு.

வழித்தடத் திட்டமிடலைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசை இருந்தாலும், உங்கள் முதல் ஆண்டுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். ஒரு கிடங்கிலிருந்து பல இடங்களுக்குப் பெட்ரோல் கொண்டு செல்லும் லாரிகளை எப்படி அனுப்புவது என்ற கேள்வியை 1959-ல் டான்ட்சிக்கும் ராம்சரும் கணிதமாக எழுதினார்கள். அதிலிருந்து வளர்ந்த துறையில் இன்றும் ஆய்வு ஓயவில்லை. இருபது நிறுத்தங்களை எந்த வரிசையில் போவது என்பதற்கே 24,000 கோடி கோடிக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் உண்டு. இதற்கான தீர்வுக் கருவிகள் இப்போது இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை நீங்கள் புதிதாக எழுத வேண்டியதில்லை. கடினமான பகுதி, அந்தக் கருவிக்கு உண்மையான கட்டுப்பாடுகளைச் சொல்லிக் கொடுப்பது. எந்தக் கடையின் பின்வாசலில் பெரிய லாரி திரும்ப முடியாது, எந்த வாடிக்கையாளர் பகல் பதினொரு மணிக்குப் பிறகு சரக்கு இறக்க ஆள் தரமாட்டார், எந்தச் சரக்கைக் கடைசியில் ஏற்றினால்தான் முதலில் இறக்க முடியும் என்பவை எந்த ஆவணத்திலும் இருப்பதில்லை. பொதிகளைக் கொண்டு சேர்க்கும் யு.பி.எஸ். நிறுவனம் தன் ஓரியன் வழித்தட மென்பொருளை 2016-க்குள் அமெரிக்காவில் சுமார் 55,000 வழித்தடங்களுக்குக் கொண்டு சென்றபோது கற்ற பாடங்களில் ஒன்று, மிகக் குறைந்த தூரத்தை மட்டும் தேடினால் போதாது என்பது. வழித்தடம் நாளுக்கு நாள் தலைகீழாக மாறினால் ஓட்டுநருக்கும் வாடிக்கையாளருக்கும் பழக்கம் கெட்டுவிடும் என்பதால், சிக்கனத்தோடு நிலைத்தன்மையையும் சேர்த்து எடைபோட வேண்டியிருந்தது.

பணிநேர விதிகளுக்கு வருகிறேன். இவற்றை மென்பொருளில் ஒரு வசதியாக மட்டும் நினைக்காதீர்கள். இவை மனித உயிரைக் காக்கும் வேலி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குவிதி, கனரக வண்டி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்கிறது. அந்த ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் முதலில் குறைந்தது 15 நிமிடம், பிறகு குறைந்தது 30 நிமிடம் என்ற வரிசையில் இருக்க வேண்டும். முதலில் முப்பதும் பிறகு பதினைந்தும் எடுத்தால் கூட்டுத்தொகை சரியாக இருந்தும் விதி நிறைவேறாது. அமெரிக்காவில் சரக்கு வண்டி ஓட்டுநருக்குத் தொடர்ந்து பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு, பணி தொடங்கிய பதினான்கு மணி நேரத்துக்குள் அதிகபட்சம் பதினொரு மணி நேரம் ஓட்டலாம் என்று விதி. நாட்டுக்கு நாடு எண்கள் மாறும். அடிக்கடி திருத்தவும் படும். ஆகவே எந்த விதி எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதையும் சேர்த்துத் தரவாக வைத்திருங்கள். பழைய நாளின் பணியைத் தணிக்கை செய்பவர் அன்றைய விதியைத்தான் கேட்பார். விதியை மீறி ஒதுக்கீடு செய்ய மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும் நாளும் வரும். 'இந்த ஒருமுறை மட்டும் தடையைத் தளர்த்துங்கள்' என்று கேட்கப்படும்போது மறுக்கும் கடமை மற்றவர்களைவிட முதுநிலைப் பொறியாளருக்கே அதிகம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும் ஒருவருடைய வண்டியில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் அந்த மறுப்பைச் சொல்வது கடினமாக இராது.

இப்போது அந்தப் பழைய மென்பொருளைப் பற்றி. அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது உங்கள் முதல் பொறுப்பு என்று சொன்னவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் சொல்லியிருப்பார்கள். பழைய அமைப்புகளை அப்படியே விட்டுவைப்பதன் விலையும் பெரிதுதான். 2022 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் சுமார் 17,000 விமானங்களை ரத்து செய்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளைத் தவிக்க விட்டது. குளிர்காலப் புயல் தொடக்கமாக இருந்தாலும், மற்ற நிறுவனங்கள் மீண்டெழுந்த பின்னும் இந்த நிறுவனம் எழ முடியாததற்கு முக்கியக் காரணம், விமானிகளையும் பணியாளர்களையும் விமானங்களோடு மறுபடி பொருத்தும் மென்பொருள் அத்தனை மாற்றங்களைத் தாங்காமல் போனது. யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதையே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வந்தது. ஓராண்டு கழித்து அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. ஆகவே மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

எப்படி மாற்றுவது என்பதில்தான் என் கவலை. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, வண்டிகளை அனுப்பும் தன் கைமுறை ஏற்பாட்டை விட்டு, நகரம் முழுவதற்கும் ஒரே நாளில் புதிய கணினி முறைக்கு மாறியது. எந்த வண்டி எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் ஏறக்குறைய பிழையில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி அந்த மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. வண்டியில் இருந்தவர்களோ அவசரத்தில் நிலைப் பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்தினார்கள், சில சமயம் அழுத்தவே இல்லை. ரேடியோ தொடர்பும் எல்லா இடத்திலும் சீராக இல்லை. தவறான தகவலால் தவறான வண்டி அனுப்பப்பட்டது. ஏதோ சரியில்லை என்று எச்சரிக்கும் விதிவிலக்குச் செய்திகள் திரையில் குவிந்தன. குவிந்ததால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. பார்க்காததால் இன்னும் தவறுகள் நேர்ந்தன. மறுநாளே பாதிக் கைமுறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4 அன்று எஞ்சியிருந்த கணினிப் பாதியும் நின்றது. ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் சிறிது நினைவகத்தைப் பிடித்து விடுவிக்காமல் விட்ட ஒரு சிறு நிரல் பகுதி அதற்குக் காரணம். 1993-ல் வெளியான விசாரணை அறிக்கை, ஊழியர்களின் நம்பிக்கையைப் பெறாமல் அவர்களுடைய வேலைமுறையைத் திடீரென மாற்றியதையும் சுட்டிக்காட்டியது. அதே சேவை, பின்னர் தன் ஊழியர்களை அருகில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே படிப்படியாக எழுதிய அமைப்பை 1996-ல் செயலுக்குக் கொண்டுவந்து வெற்றி பெற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஊரும் தேவையும் அதேதான், முறைதான் மாறியிருந்தது.

இந்த வரலாறு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். நீங்கள் மாற்றப் போகும் பழைய மென்பொருளில், பார்ப்பதற்கு அர்த்தமற்றதாகத் தோன்றும் நிபந்தனைகள் நிறைய இருக்கும். ஒரு குறிப்பிட்ட பணிமனைக்கு மட்டும் இருபது நிமிடம் கூடுதலாகச் சேர்க்கும் வரி ஒன்று இருக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். குறிப்பு எதுவும் இருக்காது. அதை நீக்கிவிட வேண்டாம். அந்தப் பணிமனையில் டீசல் நிரப்பும் இடம் வாசலுக்கு வெளியே, சாலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தூரத்தில் இருப்பதை அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். சேர்ந்த முதல் மாதத்தில் நிரலைத் தொடாமல், பணி ஒதுக்கும் அறையில் அதிகாலைப் பணி தொடங்கும் நேரத்தில் உட்காருங்கள். ஓட்டுநருடன் ஒரு முழு நடை சென்று வாருங்கள். பழுது பார்க்கும் கொட்டகையில், வண்டி திரும்பக் கிடைக்கும் நேரத்தை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஒதுக்கீடு செய்பவரின் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால், அதில் அவர் எழுதி வைத்திருப்பவைதான் உங்கள் மென்பொருளுக்கான தேவைப் பட்டியலின் மிக முக்கியமான பக்கம். கணினி தராத எதையோ அந்த நோட்டு அவருக்குத் தருகிறது.

மாற்றும் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். முதலில் புதிய மென்பொருள் பழையதன் அருகில் ஓடட்டும். அதே உள்ளீட்டைப் பெற்று, தன் ஒதுக்கீட்டைத் தனியே எழுதி வைக்கட்டும், எந்த வண்டியையும் அனுப்பாமல். தினமும் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று ஒதுக்கீடு செய்பவரோடு உட்கார்ந்து பாருங்கள். வேறுபடும் இடங்களில் பாதி புதியதன் பிழையாக இருக்கும், சில பழையதன் பிழையாக இருக்கும், மீதி யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கமாக இருக்கும். அந்த மூன்றாவது வகைக்காகத்தான் இத்தனை பாடும். பிறகு ஒரு சிறிய பணிமனை, அதன்பின் இன்னொன்று. பழையதற்குத் திரும்பும் வழி ஒவ்வொரு கட்டத்திலும் திறந்திருக்க வேண்டும். அந்த வழியை ஒத்திகையும் பார்த்திருக்க வேண்டும். ஒத்திகை இல்லாத மாற்றுவழியை நான் மாற்றுவழியாகவே எண்ணுவதில்லை.

கணினியே இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியுமா என்பதையும் யோசித்து வையுங்கள். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் தாக்கியபோது, கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. அந்த நாட்களில் ஊழியர்கள் கைமுறையாகவே சரக்கை நகர்த்தினார்கள். ஒவ்வொரு மாலையும் மறுநாளின் ஒதுக்கீட்டைத் தாளில் அச்சிடக்கூடிய வடிவில் பணிமனைக்கு அனுப்பி வைக்கும் ஒரு சிறு ஏற்பாடு, விலையுயர்ந்த பல பாதுகாப்புகளைவிட அன்று உதவும்.

முதுநிலைப் பொறியாளர் அங்கே என்ன செய்வார் என்று கேட்டிருந்தீர்கள். நிரல் எழுதுவார்தான். ஆனால் அவருடைய மதிப்பு, சரியான கேள்வியை மென்பொருளுக்குள் கொண்டு வருவதில் இருக்கிறது. உதாரணமாக, மேலாண்மை உங்களிடம் நேரந்தவறாமையை அளக்கும் அறிக்கை ஒன்றைக் கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடும் தடத்தில் பயணி அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு முக்கியம் இரண்டு பேருந்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. சற்றுத் தாமதமான பேருந்துக்கு நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேரும், ஏற்றி இறக்க நேரம் பிடிக்கும், தாமதம் இன்னும் கூடும். பின்னால் வருவதற்குக் கூட்டம் குறைந்து அது முன்னதை நெருங்கும். கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த நிலையில் பின்வண்டியை அட்டவணைப்படி விரட்டுவது பயணிக்குக் கெடுதலே. அதைச் சிறிது நிறுத்தி வைப்பதுதான் உதவி. நேரந்தவறாமையை மட்டும் அளந்து காட்டும் அறிக்கை, சரியாகச் செயல்பட்ட கட்டுப்பாட்டு அறையைக் குற்றவாளியாக்கிவிடும். சரக்குப் பிரிவிலும் இப்படித்தான்; மொத்தக் கிலோமீட்டரை மட்டும் காட்டினால், அதில் காலி ஓட்டம் எவ்வளவு என்பது மறைந்துவிடும். எதை அளப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் உங்களுக்கு இடம் இருக்க வேண்டும். தரப்படாவிட்டால் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமானது. நீங்கள் சேமிக்கும் ஒவ்வோர் இடப்பதிவும் ஒரு தொழிலாளியின் நாளைப் பற்றிய பதிவு. அவர் எங்கே நின்றார், எத்தனை நிமிடம் நின்றார், எப்போது கழிப்பறைக்குப் போனார் என்பதெல்லாம் அதில் தெரியும். வண்டியை நிர்வகிக்கத் தேவைப்படுவது என்ன, மனிதரை வேவு பார்ப்பது என்ன என்ற எல்லையை மென்பொருளில் வரைபவர் நடைமுறையில் நீங்கள்தான். பணிநேரம் முடிந்ததும் பதிவு நிற்க வேண்டும், பழைய பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிய வேண்டும், யார் எதைப் பார்த்தார் என்பதும் பதிவாக வேண்டும், தன்னைப் பற்றிய பதிவை ஓட்டுநரே பார்த்து மறுப்புச் சொல்ல வழி இருக்க வேண்டும். ஓட்டுநர்கள் நம்பாத மென்பொருளுக்கு உண்மையான தரவு ஒருபோதும் வராது என்ற நடைமுறைக் காரணமும் இதற்கு உண்டு. ஆனால் அந்தக் காரணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

நிறுவனத்தில் மென்பொருள் துறை இரண்டாம் இடத்தில்தான் இருக்கும் என்ற உங்கள் நண்பர்களின் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. வண்டி வாங்கப் பணம் எளிதில் ஒதுக்கப்படும். சோதனைச் சூழலுக்கு ஒரு சர்வர் கேட்டால் மூன்று கூட்டம் நடக்கும். உங்களைவிட அனுபவம் மிகுந்த பொறியாளர்கள் குறைவாக இருப்பதால், உங்கள் வடிவமைப்பைக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகும். இதுதான் துருப்பிடிப்பதற்கு உண்மையான காரணமாக அமையக்கூடும். இதற்கு மாற்றாக, யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல வழித்தட மென்பொருள்கள் ஏதாவதொன்றில் பங்களியுங்கள். தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைச் சுற்றி இயங்கும் ஓ.எஸ்.ஆர்.எம்., வல்ஹாலா போன்றவற்றில் உங்கள் நிரலைக் கூர்ந்து படித்துக் குறை சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நிறுவனத்துக்குள் நீங்கள் எடுக்கும் பெரிய முடிவுகளையும் காரணத்தோடு எழுதி வைத்து, வெளியிலிருந்து ஓர் அனுபவசாலியை ஆண்டுக்கு ஓரிரு முறை அழைத்துப் படிக்கச் செய்ய அனுமதி கேளுங்கள்.

பணியை ஏற்பதற்கு முன், உங்களை நேர்காணல் செய்தவர்களிடம் சிலவற்றைத் தயங்காமல் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அமைப்பு நின்றால் யார் எழுப்பப்படுவார்கள், அந்த முறை எத்தனை பேருக்குள் சுழல்கிறது? சுழற்சியில் நீங்கள் ஒருவரே இருக்கிறீர்கள் என்றால், சம்பளம் எவ்வளவு ஆனாலும் அது நிலைக்கும் ஏற்பாடு அல்ல. பழைய மென்பொருளின் மூலநிரலும் தரவும் முழுமையாக நிறுவனத்தின் கையில் இருக்கிறதா, விற்பனையாளரிடம் சிக்கியிருக்கிறதா? வண்டிக் கருவிகள் அனுப்பும் தரவை நீங்கள் நேரடியாகப் பெற முடியுமா? மாற்றுவதற்கு எவ்வளவு காலம் தருகிறார்கள், அந்தக் காலத்தை யார் கணித்தார்? நீங்கள் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். இயக்கப் பிரிவின் தலைவரோடு நேரடியாகப் பேசும் இடத்தில் இருந்தால் வேலை நடக்கும், கொள்முதல் பிரிவின் வழியாகத்தான் பேச முடியும் என்றால் நடக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பணி ஒதுக்கீடு செய்பவர்களில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். உடனே ஏற்பாடு செய்தால் நல்ல அறிகுறி. 'அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்க்கலாம்' என்றால், அந்த அறைக்கும் மென்பொருள் துறைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தால் நானாக இருந்தால் அந்தப் பணியை ஏற்க மாட்டேன்.

திருப்தியான பதில்கள் கிடைத்தால், 'முழுவதும் புதிதாக எழுதித் தருதல்' என்ற பொறுப்பை 'இயங்கிக்கொண்டிருக்கும் அமைப்பைப் படிப்படியாக மாற்றுதல்' என்று நியமனக் கடிதத்திலேயே திருத்தித் தரச் சொல்லுங்கள். முதல் மாதம் பணிமனைகளில் செலவிடப்படும் என்பதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். சேரும் தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியுமானால், நிறுவனத்தின் நெரிசல் பருவம் எது என்று கேட்டு, அது தொடங்குவதற்கு இரண்டு மாதமாவது முன்னதாகச் சேருங்கள். நெரிசல் தொடங்கிவிட்டால் உங்களுக்குச் சொல்லித்தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. நெரிசல் ஓயும்வரை அமைப்பில் எந்த மாற்றமும் செய்யவும் விடமாட்டார்கள்.

அன்புடன்.